நீரிறைக்கும் மின்மோட்டருக்கு ஏற்ற சுற்றுடைப்பானைத் தெரிதல்

உலர்வலயத்திற் கிணற்றுநீரை நம்பிப் பயிர்செய்த கமக்காரர் ஒரு காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தே பாத்திகளுக்கு நீர் பாய்ச்சினர். பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு யந்திரங்கள் வந்தன. மின்கம்பி எட்டிய ஊர்களில் இன்று ஒரு பொத்தானை அமுக்கியதும் வாய்க்காலில் நீர் ஓடத் தொடங்குகின்றது. துலா முறிந்தால் முறிந்த இடத்தைக் கமக்காரர் தம் கண்ணாற் கண்டு, தாமே மரம் வெட்டிச் செப்பனிட்டுக்கொள்வார். மின்மோட்டர் நின்றாலோ, நின்றதற்குரிய காரணம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே அதனை ஊகித்தே பலரும் பரிகாரம் தேடுகின்றனர். அவ்வூகம் பெரும்பாலும் தவறாகவே முடிகின்றது.

வழக்கமாக நிகழ்வது இதுவாகும். வெங்காயம் நட்டுச் சில வாரங்கள் கழிந்த ஒரு தோட்டம். அன்று இறைப்பு முறை. மோட்டரைத் தொடக்கியதும் சுற்றுடைப்பான் விழுந்துவிடுகின்றது. மீண்டும் ஏற்றினால் மீண்டும் விழுகின்றது. பாத்தி காய்கின்றது. கடையிற் போய்ச் சொன்னால், "பத்து அம்பியர் காணாது, முப்பத்திரண்டு போடுங்கோ" என்று ஒருவர் எடுத்துக் கொடுக்கின்றார். அதனைப் பொருத்தியதும் மோட்டர் ஓடுகின்றது, நீர் பாய்கின்றது, குறை தீர்ந்தது என்று கமக்காரர் மனம் ஆறுகின்றார். உண்மையில் அன்று அவர் செய்தது, காவற்காரன் குரைக்கின்றான் என்று அவனை வீட்டைவிட்டு அனுப்பியதை ஒக்கும். சில கிழமைகளில் ஒன்றில் கம்பி உருகிப் பிடிக்கின்றது, அல்லது மோட்டரின் சுருள் கருகுகின்றது. கொயில் கட்டுபவரிடம் மோட்டர் கிடக்கும் நாட்களில் பயிருக்கு நீர் இல்லை.

சுற்றுடைப்பானின் அளவு எவ்வாறு துணியப்படுகின்றது என்பதைக் கமக்காரர் அறிந்திருப்பின் இவ்விரு நட்டங்களையும் தவிர்த்துக்கொள்ளலாம். மின்னிணைப்பு வேலையைத் தகைமை பெற்றவரே செய்தல் வேண்டும். எனினும் அவர் இடுவது ஏற்றதுதானா என்று கேட்டறியும் அளவுக்கு ஒவ்வொரு கமக்காரருக்கும் இவ்விடயத்திற் பழக்கம் இருத்தல் நன்று.

சுற்றுடைப்பான் காப்பது எதனை?

சுற்றுடைப்பான் என்பது மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும்போது தானாகவே சுற்றைத் துண்டிக்கும் ஓர் ஆளியாகும். கடைகளில் இது பிறேக்கர் என்றும் எம்.சி.பி. என்றும் வழங்கும். முன்னர் இவ்வேலையை உருகி செய்தது. உருகி எரிந்தால் அதற்குரிய மெல்லிய கம்பியை இடவேண்டியிருக்க, கையில் அகப்பட்ட செப்புக் கம்பியை முறுக்கி இட்டுத் தீ விபத்தை வருவித்துக்கொண்டவர்களும் உளர். சுற்றுடைப்பான் வந்தபின் அவ்வழக்கம் ஒழிந்தது என்பர். ஒழியவில்லை, வேறு உருவம் எடுத்துள்ளது. தேவைக்கு மிஞ்சிய அளவுடைய சுற்றுடைப்பானைப் பொருத்துவதும், உருகியில் தடித்த கம்பியை முறுக்கி இடுவதும் ஒன்றே.

இச்சிறு பெட்டியினுள் இரண்டு காவல்கள் உள. இவ்விரண்டையும் ஒரே கருவியில் இணைத்த சிறிய சுற்றுடைப்பானுக்குச் செருமனியில் ஹூகோ ஸ்ரொட்சு என்பவர் 1924 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். முதலாவது காவல், வெவ்வேறாக விரியும் இரு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு. மிகுந்த மின்னோட்டம் தொடர்ந்து ஓடினால் இத்தகடு சூடேறி வளைந்து, சற்று நேரத்தின் பின் ஆளியை விழுத்தும். இரண்டாவது காவல் ஒரு கம்பிச்சுருள். குறுஞ்சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்காகும்போது இச்சுருள் காந்தமாகி, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் ஆளியை விழுத்திவிடும். முதலாவது பொறுமையுள்ளது, இரண்டாவது பொறுமையற்றது. மோட்டருக்குச் சுற்றுடைப்பான் தெரிவதில் உள்ள சிக்கல் முழுவதும் இவ்விரு குணங்களிலிருந்தே எழுகின்றது.

16 அம்பியர் எனக் குறித்த சுற்றுடைப்பான் அவ்வளவைத் தாண்டியதும் விழும் என்று பலர் கருதுவர். அவ்வாறன்று. இச்சிறு சுற்றுடைப்பான்களுக்குரிய 60898 ஆம் இலக்கச் சர்வதேச நியமத்தின்படி, குறித்த அளவின் 1.13 மடங்கு, அதாவது 18 அம்பியர் ஓடினாலும் ஒரு மணித்தியாலம்வரை அது விழலாகாது. 1.45 மடங்கு, அதாவது 23 அம்பியர் ஓடினால் ஒரு மணித்தியாலத்துள் விழுதல் வேண்டும். எனவே 16 அம்பியர்ச் சுற்றுடைப்பானின் கீழ் 18 அம்பியர் நாள் முழுவதும் ஓடலாம்; ஒருவரும் அறியார்.

இதனால் விளங்குவது யாதெனில், சுற்றுடைப்பான் முதன்மையாகக் கம்பியைக் காப்பதற்கே அமைந்தது. மோட்டரைக் காப்பது அதன் வேலையன்று. மோட்டரைக் காப்பதற்கு வேறொரு கருவி உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மோட்டர் தொடங்கும் கணம்

மின்குமிழுக்கு ஆளியைப் போட்டால் அது உடனே எரியும். மோட்டரோ நின்ற நிலையிலிருந்து சுழலவேண்டியுள்ளது. சுழற்சி ஏறும்வரை அது தன் வழக்கமான ஓட்டத்தைப் போல் ஐந்து தொடக்கம் எட்டு மடங்குவரையான மின்னோட்டத்தை இழுக்கும். நல்ல நிலையில் உள்ள இறைப்பு மோட்டர் ஓரிரு விநாடிகளுள் வேகம் பெற்றுவிட, ஓட்டமும் தணிந்துவிடும். இந்த ஓரிரு விநாடிகளைச் சுற்றுடைப்பான் பொறுத்தல் வேண்டும். ஆயினும் உண்மையான குறுஞ்சுற்று நிகழும்போது அது பொறுக்கலாகாது.

இதற்காகவே சுற்றுடைப்பான்கள் பி, சி, டி என மூன்று வகையாகச் செய்யப்படுகின்றன. உடனே விழுத்தும் காந்தச் சுருள் எந்த ஓட்டத்தில் வேலைசெய்யும் என்பதே இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடாகும். பி வகையில் அது குறித்த அளவின் 3 முதல் 5 மடங்குக்குள்ளும், சி வகையில் 5 முதல் 10 மடங்குக்குள்ளும், டி வகையில் 10 முதல் 20 மடங்குக்குள்ளும் வேலைசெய்யும். கருவியின் முகப்பில் எண்ணுக்கு முன் இவ்வெழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அம்பியர் எண்ணை மட்டும் பார்த்து எழுத்தைப் பாராது வாங்குவோரே அநேகர். வீட்டு விளக்குகளுக்கு வாங்கிய பி வகை மிஞ்சிக் கிடந்தது என்று அதனையே மோட்டருக்குப் போட்டுவிட்டு, அது விழுகின்றது என்று முறைப்பட்டுப் பயனில்லை.

அளவைத் துணியும் முறை

முதலிற் பார்க்கவேண்டியது மோட்டரின் பெயர்த்தகடு. அதிற் குதிரைவலு அல்லது கிலோவாற்று, மின்னழுத்தம், முழுச்சுமையில் ஓடும் அம்பியர் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டில் உள்ள அம்பியரே கணக்கின் அத்திவாரம். தகடு அழிந்திருப்பின் குதிரைவலுவைக்கொண்டு ஒருவாறு கணித்துக்கொள்ளலாம். ஒரு குதிரைவலு 746 உவாற்று ஆகும். மோட்டரின் திறனையும் வலுக்காரணியையும் சேர்த்துக் கணித்தால், 230 வோல்ற்றில் ஓடும் ஒற்றை அவத்தை மோட்டர் குதிரைவலு ஒன்றுக்கு ஏறக்குறைய 6 அம்பியர் இழுக்கும். மூன்று பேஸ் என வழங்கும் மூவவத்தை மோட்டர் 400 வோல்ற்றிற் குதிரைவலு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை அம்பியரே இழுக்கும்.

இரண்டாவதாகக் கம்பி. கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் கம்பி 2.5 சதுர மில்லிமீற்றர் பரப்புடையது, 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6, 7/1.35 என்பது 10 சதுர மில்லிமீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் இருகம்பி வடம், சுவரில் இட்ட குழாயினுள் 30 பாகை வெப்பத்தில் 23 அம்பியர் தாங்கும். நம்முடைய கோடையில் தகரக் கூரையிட்ட மோட்டர்க் கொட்டிலில் 40 பாகை சாதாரணம். அங்கே இதே வடம் தாங்குவது 20 அம்பியர் அளவே. இவ்வெண்கள் இலங்கையிற் பின்பற்றப்படும் பிரித்தானிய மின்னிணைப்பு விதிகளின் அட்டவணைகளில் உள்ளவை. அவ்விதிகள் முதன்முதலில் 1882 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, 1992 ஆம் ஆண்டு முதல் பி.எஸ். 7671 எனும் நியமமாக வழங்கி வருகின்றன.

அவ்விதிகளின் சாரத்தைக் கமக்காரருக்கு ஒரே வசனத்திற் சொல்லலாம். சுற்றுடைப்பானின் அளவு மோட்டர் இழுக்கும் ஓட்டத்திற்குக் குறைதலும் கூடாது. கம்பி தாங்கும் ஓட்டத்திற்கு மேற்படுதலும் கூடாது. இந்த இரண்டு எல்லைகளுக்கிடையே, தொடங்கும் ஓட்டத்தைப் பொறுக்கும் வகையைத் தெரிதல் வேண்டும்.

காய்கறித் தோட்டங்களிற் பெரிதும் பயன்படும் ஒரு குதிரைவலு ஒற்றை அவத்தை மோட்டரை எடுத்துக்கொள்வோம். தகட்டில் 6 அம்பியர் உளது. தொடங்கும்போது ஐந்து மடங்கு எனின் 30 அம்பியர். இதற்கு 6 அம்பியர் பி வகையை இட்டால் அதன் சுருள் 18 முதல் 30 அம்பியருக்குள் வேலைசெய்துவிடும். மோட்டர் ஒருபோதும் தொடங்காது. 10 அம்பியர் பி வகையின் எல்லை 30 முதல் 50 வரை. ஒருநாள் ஓடும், மறுநாள் விழும். கமக்காரரை மிகவும் அலைக்கழிப்பது இந்த இரண்டாம் நிலைதான். 10 அம்பியர் சி வகைக்கோ 50 அம்பியர் வரும்வரை சுருள் அசையாது. சூடேறும் தகடும் இந்த ஓட்டத்தை ஓரிரு விநாடி பொறுக்கும். ஆகவே 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் 10 அம்பியர் சி வகையும் இம்மோட்டருக்குப் பொருந்தும். கடைக்காரர் கொடுத்த 32 அம்பியர் எங்கே, இது எங்கே! பத்து போதாமற் போனது எண்ணினால் அன்று, எழுத்தினால்.

நெல்வயலுக்கு நீரேற்றும் ஐந்து குதிரைவலு மூவவத்தை மோட்டரின் தகட்டில் 7.8 அம்பியர் என இருப்பதாகக் கொள்வோம். தொடங்கும்போது ஆறரை மடங்கு எனின் 51 அம்பியர். 10 அம்பியர் சி வகையின் சுருள் 50 அம்பியரிலேயே வேலைசெய்யத் தொடங்கலாம். ஆகவே அது நம்பத்தக்கதன்று. 16 அம்பியர் சி வகையின் எல்லை 80 இல் தொடங்குகின்றது. 2.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கம்பி வடம் குழாயினுள் 30 பாகையில் 20 அம்பியர் தாங்கும். 40 பாகையில் 17 அம்பியரளவு தாங்கும். எனவே 16 அம்பியர் சி வகை இரண்டு எல்லைகளுக்கும் உட்பட்டதே. மூன்று அவத்தைகளையும் ஒருங்கே துண்டிக்கும் மும்முனைச் சுற்றுடைப்பானையே இதற்கு இடவேண்டும். ஒற்றை முனைச் சுற்றுடைப்பான்கள் மூன்றைத் தனித்தனியே வரிசையாகப் பொருத்துதல் பெருந்தவறு. அதன் காரணம் பின்னால் விளங்கும்.

மேற்கூறிய தோட்டத்திற் பொருத்திய 32 அம்பியரை இப்போது எடைபோடலாம். அதன் கீழ் 36 அம்பியர் ஒரு மணித்தியாலத்திற்கு மேலும் ஓடலாம். 23 அம்பியருக்கென அமைந்த கம்பியில் 36 அம்பியர் ஓடினால், வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், கம்பியிற் பிறக்கும் சூடு இரண்டு மடங்கையும் தாண்டும். பூச்சு இளகும், குழாயினுள் கம்பியோடு கம்பி தொடும். கொட்டிலில் வைக்கோலும் சாக்கும் கிடந்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை.

மோட்டரின் ஓட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு அளவுடைய சுற்றுடைப்பானை இடலாம் என்று ஒரு விதி உண்டென்று மின்வேலை பயின்றோர் சிலர் சொல்லக் கேட்கலாம். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய மின்விதிக்கோவையில், மோட்டர்களைப்பற்றிய 430 ஆம் பிரிவில் உள்ளது. ஆயின் அங்கே 250 சதவீதம் என்பது இடவேண்டிய அளவன்று. சாதாரணமாகத் தாண்டலாகாத மேலெல்லை. அதே பிரிவு, கம்பி மோட்டரின் ஓட்டத்தில் 125 சதவீதமேனும் தாங்கவேண்டும் என்றும், மோட்டரின் வகைக்கேற்ப 115 அல்லது 125 சதவீதத்துக்குள் விழும் மிகைச்சுமைக் காப்பு தனியே இருக்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. அக்காப்பு இருப்பதாலேயே சுற்றுடைப்பானுக்கு அவ்வளவு தாராளம் கொடுக்கப்பட்டது. காப்பை விட்டுவிட்டுத் தாராளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, வேலியைப் பிடுங்கிவிட்டுப் படலையைப் பூட்டுவது போன்றது.

நீண்ட கம்பியினால் வரும் கேடு

வீட்டிலிருந்து கிணறு தொலைவில் இருப்பது நம் தோட்டங்களின் இயல்பு. எல்லாவற்றையும் முறைப்படி இட்டும் சுற்றுடைப்பான் விழுமாயின், குற்றம் பெரும்பாலும் கம்பியின் நீளத்திலேயே இருக்கும். 2.5 சதுர மில்லிமீற்றர் இருகம்பி வடத்தில் ஓர் அம்பியர் ஓடினால் மீற்றர் ஒன்றுக்கு 18 மில்லிவோல்ற்று இழக்கப்படுகின்றது. கிணறு 80 மீற்றர் தொலைவில் இருப்பின், 6 அம்பியர் ஓடும் ஒரு குதிரைவலு மோட்டருக்கு இழப்பு ஏறக்குறைய 8½ வோல்ற்று. இது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. விதிகள் ஐந்து வரை ஏற்கும். ஓடும்போது குறை தெரியாது.

தொடங்கும் கணத்தைப் பார்த்தால் கதை வேறு. அப்போது ஓடுவது 30 அம்பியர். இழப்பு 43 வோல்ற்று. 230 இல் மோட்டரை அடைவது 187 மாத்திரமே. சுழற்றும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், மூன்றில் இரண்டு பங்கு விசையே மோட்டருக்குக் கிடைக்கின்றது. மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் வருகின்ற மின்னழுத்தமே குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மோட்டர் முனகிக்கொண்டு மெல்லச் சுழல்கின்றது. ஓரிரு விநாடியில் முடியவேண்டிய தொடக்கம் பத்து விநாடியாக நீள்கின்றது. பொறுமையுள்ள தகடும் பொறுமை இழந்து வளைகின்றது. இங்கே சுற்றுடைப்பானைப் பெரிதாக்குவதாற் பயனில்லை. கம்பியை 4 சதுர மில்லிமீற்றராக்கினால் இழப்பு 26 வோல்ற்றாகவும், 6 ஆக்கினால் 18 வோல்ற்றுக்கும் சற்றுக் குறைவாகவும் இறங்கும். தடித்த கம்பியின் விலை கசப்பானதே. ஆயினும் ஒருமுறை கொயில் கட்டும் செலவையும் ஒரு போக வெங்காயத்தையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்தல் வேண்டும்.

தொடக்கத்தில் விழுகின்றது என்று டி வகையை இடுவோரும் இந்த நீளத்தை மறந்துவிடுகின்றனர். 16 அம்பியர் டி வகையின் சுருள் நிச்சயமாக வேலைசெய்ய 320 அம்பியர் வேண்டும். 80 மீற்றர் நீளமான 2.5 சதுர மில்லிமீற்றர் வடத்தின் போக்குவரத்துத் தடை 1.44 ஓம். மறுமுனையில் இரண்டு கம்பிகளும் நேரே ஒன்றையொன்று தொட்டாலும் ஓடக்கூடியது 160 அம்பியர்தான். டி வகையின் காந்தம் அசையாமலே இருந்துவிடலாம். தகடு சூடேறி விழும்வரை கம்பி வேகும். பொறுமை மிகுந்த காவற்காரன் கிணற்றடிக்கு உகந்தவனல்லன்.

மோட்டரைக் காப்பது எது?

முன்னர் வாக்களித்த கருவி, ஸ்ராட்டர் என வழங்கும் தொடக்கியினுள் இருக்கும் மிகைச்சுமைக் காப்பு. மின்வேலை செய்வோர் இதனை ஓவர்லோட் என்பர். அதன் முகத்தில் அம்பியர் எண்கள் குறித்த ஒரு சிறு திருகி உண்டு. அத்திருகி மோட்டரின் தகட்டில் உள்ள அம்பியருக்கு நேரே வைக்கப்படல் வேண்டும். 0.37 கிலோவாற்றுக்கு, அதாவது அரைக் குதிரைவலுவுக்கு, மேற்பட்ட மோட்டர் ஒவ்வொன்றுக்கும் மிகைச்சுமைக் காப்பு இருத்தல் வேண்டும் என்று பி.எஸ். 7671 விதிக்கின்றது. தோட்டத்து மோட்டர்கள் ஏறக்குறைய யாவும் இவ்விதிக்குள் அடங்கும். ஆயினும் ஒற்றை அவத்தை மோட்டர்கள் பல ஒரு சாதாரண ஆளியோடு மட்டும் ஓடுவதை இன்றும் காணலாம். சில மோட்டர்களில் இக்காப்பு சுருளோடு உள்ளேயே அமைந்திருக்கும். வாங்கும்போது அதனைக் கேட்டறிக.

இக்காப்பின் அருமை மூவவத்தை மோட்டரில் ஓர் அவத்தை அற்றுப்போகும்போது தெரியும். மின்மாற்றியடியில் ஓர் உருகி எரிந்தாலும், கம்பத்தில் ஓர் இணைப்பு விட்டாலும், தனித்தனியாக இட்ட சுற்றுடைப்பான் ஒன்று விழுந்தாலும் இவ்வாறு நேரும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் நிற்காது. எஞ்சிய இரண்டு கம்பிகளால் அதே வேலையைச் செய்ய முயலும். அவற்றில் ஓட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். மேலே கூறிய 7.8 அம்பியர் மோட்டரில் இது 13½ அம்பியர். 16 அம்பியர்ச் சுற்றுடைப்பானுக்கு 13½ ஒரு பொருட்டன்று; அது எத்தனை மணித்தியாலமும் பார்த்துக்கொண்டிருக்கும். மோட்டரின் சுருளோ சிறிது நேரத்திற் கருகிவிடும். 7.8 இல் வைத்த மிகைச்சுமைக் காப்பு சில நிமிடங்களுள் மோட்டரை நிறுத்திவிடும். சுற்றுடைப்பான் முறைப்படி இருந்தும் மோட்டர் எரிந்தது ஏன் என்று வியப்போருக்கு இதுவே விடை.

மத்திய நீக்கப் பம்பிகளிற் கமக்காரர் எதிர்பாராத ஒரு காரணத்தாலும் மிகைச்சுமை வரும். நீண்ட குழாயைக் கழற்றிவிட்டுக் கிணற்றடி வாய்க்காலிலேயே நீரைவிட்டால் யந்திரத்திற்கு வேலை இலகு என்று எண்ணுவது இயல்பு. நிகழ்வது இதன் மறுதலை. எதிர்க்கும் உயரமும் உராய்வும் குறைந்ததும் பம்பி அளவுக்கு மிஞ்சிய நீரைத் தள்ளும். மோட்டர் இழுக்கும் ஓட்டமும் ஏறும். கிணற்றடிப் பாத்திகளுக்குப் பாய்ச்சும்போது மட்டும் காப்பு விழுகின்றதெனின், வெளிச்செல்லும் வால்வைச் சற்று மூடிப் பார்த்தல் வேண்டும். இதற்கு மாறாக, கிணறு வற்றிப் பம்பி வெறுமையாகச் சுழலும்போது ஓட்டம் குறையுமேயன்றிக் கூடாது. அந்நிலையை இக்காப்பும் அறியாது, சுற்றுடைப்பானும் அறியாது. கோடையில் நீர்மட்டத்தைக் கமக்காரரே கவனித்துக்கொள்ளல் வேண்டும்.

காப்பு அடிக்கடி விழுகின்றது என்று திருகியை மேல் எண்ணுக்குத் திருப்பிவிடுவோரும், விழாதபடி பொத்தானுக்குள் குச்சியைச் செருகுவோரும் உண்டு. அவர்கள் கொயில் கட்டுபவரின் உற்ற நண்பர்கள்.

தொடக்கியினால் வேறொரு நன்மையும் உண்டு. மின்தடை ஏற்பட்டால் அது விடுபட்டுவிடும். மின்சாரம் மீண்டதும் பொத்தானை அமுக்கும்வரை மோட்டர் ஓடாது. வெறும் ஆளியோடு ஓடும் மோட்டர் மின்சாரம் வந்ததும் தானே சுழலத் தொடங்கும். மின்சாரம் இல்லையே என்று பட்டியைச் சரிப்படுத்தவோ புட்வால்வைத் துப்புரவாக்கவோ முற்பட்டவருடைய கை அப்போது எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்க்க.

ஈர மண்ணில் நிற்பவரின் உயிர்

இதுவரை கம்பியையும் மோட்டரையும் பற்றியே கூறினோம். மனிதரைக் காப்பது இவ்விரு கருவிகளும் அல்ல. மோட்டரின் சுருளில் பூச்சு விட்டு, அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டதென்று கொள்வோம். உடலைப் புவிக்கம்பியால் மண்ணில் இறக்கிய கோலோடு இணைத்திருக்கின்றோம். அதன்வழி மின்சாரம் மண்ணுக்குள் ஓடும். அக்கோலின் தடை 20 ஓம் எனின், 230 வோல்ற்றில் ஓடக்கூடியது 11½ அம்பியரே. 16 அம்பியர்ச் சுற்றுடைப்பான் இதற்கு ஒருபோதும் விழாது. 10 அம்பியர் என்றாலும் விழும் என்பதற்கு உறுதியில்லை. காய்ந்த சுண்ணக்கல் நிலத்தில் கோலின் தடை இதனினும் பன்மடங்காகலாம். மோட்டரோ ஒலியின்றி உயிர்ப்போடு காத்திருக்கும். வெறுங்காலோடு சேற்றில் நின்று அதனைத் தொடுபவருக்கு ஒரு அம்பியரின் இருபதில் ஒரு பங்கே உயிர் போக்கப் போதுமானது.

ஆகவே சுற்றுடைப்பானுக்கு முன்னே, ரிப் சுவிச்சு என மக்கள் வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான் கட்டாயம் இருத்தல் வேண்டும். போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லியம்பியர் வேறுபட்டதும் அது கணத்தில் துண்டித்துவிடும். வீட்டில் ஒன்று இருக்கின்றதே என்று ஆறுதல் அடையலாகாது. கிணற்றடிக்குப் போகும் கம்பி அதனைக் கடந்துதான் போகின்றதா என்று பார்த்தல் வேண்டும். மானியடியிலிருந்து நேரே இழுத்த கம்பிகள் பல அதனைக் கடப்பதில்லை. அன்றியும் ரிப் சுவிச்சின் முகப்பில் உள்ள 40 அல்லது 63 அம்பியர் என்ற எண், அது தாங்கக்கூடிய ஓட்டமேயன்றி விழும் ஓட்டமன்று. மிகைச்சுமையையும் குறுஞ்சுற்றையும் அது அறியாது. ஆதலால் ரிப் சுவிச்சு இருக்கின்றது என்று சுற்றுடைப்பானை விடுவதும் தவறு, சுற்றுடைப்பான் இருக்கின்றது என்று ரிப் சுவிச்சை விடுவதும் தவறு.

மோட்டர் ஓடும்போது அது விழத் தொடங்கினால், பெரும்பாலும் சுருளிலோ மூட்டிலோ ஈரம் புகுந்துள்ளது என்பதே பொருள். மழைக்காலம் கழித்து முதன்முறை மோட்டரைத் தொடக்கும்போது இது மிகுதியாக நேரும். அச்சமயம் ரிப் சுவிச்சைக் கடந்து வேறு கம்பி இழுத்து ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. மோட்டரைக் கழற்றி உலர்த்திச் சோதிப்பித்தல் வேண்டும். ரிப் சுவிச்சின் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கலாம். அமுக்கியதும் விழாவிடின் கருவி பழுது, அன்றே மாற்றுவிக்க.

மின்வேலை முடிந்ததும் ஒரு கடதாசித் துண்டில் நான்கு விடயங்களை எழுதுவித்து, தொடக்கிப் பெட்டியின் மூடியினுட்புறத்தில் ஒட்டிவைத்தல் நன்று. மோட்டரின் தகட்டில் உள்ள அம்பியர், கம்பியின் பரப்பும் நீளமும், சுற்றுடைப்பானின் எழுத்தும் எண்ணும், மிகைச்சுமைக் காப்பின் திருகி நிற்கும் இடம் என்பன அவை. கொயில் கட்டிய மோட்டரோ வேறு மோட்டரோ வந்தால், முதலெண் மாறியதா என்று பார்த்து மற்றவற்றையும் அதற்கேற்ப மாற்றுவிக்கலாம். பெட்டியை அடுத்தமுறை வேறொருவர் திறந்தாலும், எதனை எதற்காக இட்டோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.